ஏழாவது குருவி

பிளேக் பயத்தில் ஊரைக் காலி செய்து, ஓமலூருக்கு வெளியே சோளக்காட்டில் பதினொரு குடிசைகள் போட்டிருந்தோம். பக்கத்துக் குடிசைக்காரி ஒல்லியானவள்; தூக்கமில்லாமல் சிவந்த கண்கள். உள்ளே மகள் காய்ச்சலில் கிடக்க, அவள் வாசலில் உட்கார்ந்து களிமண்ணில் குருவி பொம்மைகள் பிடித்துக்கொண்டே இருப்பாள்.

"ஏழு ஆச்சுங்களே" என்றேன்.

பதறிப்போய்க் கையால் மறைத்தாள். "எண்ணாதீங்க சாமி, கொறஞ்சு போயிரும்!"

"இந்த நேரத்துல இது எதுக்குங்க?"

"கை சும்மா இருந்தா அழுவாச்சி வருதுங்க. நான் அழுதா புள்ள பயந்துக்குவா."

மறுநாள் காலை வாசலில் ஆறுதான் இருந்தன. நான் எண்ணியதால்தானோ? மெல்ல உள்ளே எட்டிப் பார்த்தேன். ஏழாவதை அந்தச் சிறுமி படுத்தபடியே கையில் தூக்கிப் பறக்கவிட்டுக்கொண்டிருந்தாள்.

இந்த வயதிலும் எதை எண்ணினாலும் அந்த மண் படிந்த கை குறுக்கே வந்து மறைக்கிறது.