மலருக்குப் பக்கத்து சீட்

திருக்கழுக்குன்றத்திலிருந்து கிளம்பும் எங்கள் கம்பெனி பஸ்ஸில் பன்னிரண்டு வருடமாக என் பக்கத்து சீட்டுக்குத்தான் போட்டி. மாமியார் சண்டை, புருஷன் குடி எல்லாவற்றையும் என்னிடம்தான் கொட்டுவார்கள். நானும் சளைக்காமல் புத்தி சொல்வேன். ஆனால் மனநல முதலுதவிப் பயிற்சிக்கு, நேற்று வேலைக்கு வந்த மலரை அனுப்பினார்கள். பச்சை பேட்ஜோடு திரும்பினாள். கூட்டம் அவள் சீட்டுக்கு மாறியது. எனக்கு வயிறு எரிந்தது.

அவளை மடக்கவென்றே ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்தேன். "என் ஃப்ரெண்டு ஒருத்தி தூங்கறதே இல்ல. எதுக்கு இருக்கோம்னு பொலம்பிகினு கீறா. அவளுக்கு இன்னா சொல்றது?"

புத்தி சொல்வாள், சிரிக்கலாம் என்று காத்திருந்தேன்.

மலர் என்னையே பார்த்தாள். "ஃப்ரெண்ட வுடுக்கா. உனக்கு செத்துடலாம்னு தோணுதா?"

அத்தனை வருடத்தில் நான் யாரிடமும் கேட்காத கேள்வி. தூங்காமல் கிடந்தது நான்தான். ஆமாம் என்று தலையாட்டினேன். செங்கல்பட்டு வரும்வரை அழுதேன். அவள் ஒரு புத்தியும் சொல்லவில்லை. மறுநாள் டாக்டரிடம் கூடவே வந்தாள்.

பொறாமை போய்விட்டது என்றால் அது பொய். அவள் பக்கத்தில் வேறு யாராவது உட்கார்ந்திருந்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.