மினி பைக்கும் மாமாவின் சூடச் சத்தியமும்

என் மினி பைக்கை மாமா இரண்டாக வெட்டிப் போட்ட அன்று நான் சோறு தின்னவில்லை. அதற்காக வீட்டில் யாரும் அலட்டிக்கொள்ளவில்லை என்பது வேறு விஷயம். சிவப்பு வண்டி அது. பரீட்சையில் தப்பித் தவறி நான் நல்ல புள்ளிகள் எடுத்ததற்கு அப்பா வாங்கித் தந்தது. புந்தோங்கில் எங்கள் தாமான் தெருக்களில் அதை ஓட்டிக்கொண்டு போனால் நாய்கள்கூட மரியாதையாக ஒதுங்கும் என்பது என் நினைப்பு. அம்மாவின் தம்பிதான் மாமா. லோரிப் பட்டறையில் வெல்டிங் வேலை. "காபரேட்டர் கிளீன் பண்ணித் தாரேன் குட்டி" என்று வாங்கி, எங்கள் வீட்டுக் கார் கொட்டகையில் வைத்தே அறுத்துவிட்டார்.

"இதுக்குப் பேரு கிளீன் பண்றதா மாமா?"

"பொறு லா. ஒன் வண்டிய மலையே ஏற வைக்கிறேன் பாரு."

அடுத்தடுத்த நாள்களில் அது என் வண்டியாகவே இல்லாமல் போனது. நடுவில் இரும்புக் குழாய் வைத்து ஒட்டி உடம்பை நீட்டினார். கழித்துப்போட்ட ஒரு பழைய கப்சாய் மோட்டார் சைக்கிளின் இஞ்சினையும் முன்சக்கரத்தைத் தாங்கும் போர்க்கையும் கொண்டுவந்து மாட்டினார். மண்ணைக் கவ்வுகிற மாதிரி பல் வைத்த டயர்கள் வந்தன. பின்சக்கரத்துப் பல்சக்கரம் இட்லித் தட்டு அளவுக்கு ஆனது. மேடு ஏற அதுதான் வேண்டுமாம். ஹேண்டலை உயர்த்தினார், கால் வைக்கும் கம்பியைப் பின்னால் தள்ளினார். ஆனால் இருக்கையை மட்டும் உயர்த்தவேயில்லை. இருந்த பஞ்சையும் பாதி பிய்த்து எறிந்துவிட்டு உட்கார்ந்து, இரண்டு பாதங்களையும் தரையில் அழுத்தி வைத்துப் பார்ப்பார். எழுந்திருப்பார், மறுபடி உட்காருவார். இந்த மனிதருக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

"அத்தைக்கிட்ட மட்டும் வாயத் தொறந்துறாத" என்றார். அதை ஓட்டப் போவது அவர்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஆனால், மாமா மோட்டார் சைக்கிளில் ஏறக்கூடாது. அவருக்குக் காட்டு வழியில் மோட்டார் ஓட்டுவதென்றால் உயிர். கோப்பேங் பக்கம் ஒரு மலைச்சரிவில் தன் உயரமான மோட்டாரோடு பள்ளத்தில் விழுந்து, தொடை எலும்பில் இரும்புத் தகடு வைத்து, ஊன்றுகோலோடு வீட்டுக்கு வந்தவர். அவர் மனைவி, என் அத்தைக்கு அப்போதுதான், பல வருஷங்களுக்குப் பிறகு, வயிற்றில் பிள்ளை தங்கியிருந்தது. அம்மாவும் மாமாவும் பிறந்த ரப்பர் தோட்டத்து முனியாண்டி கோயிலுக்கு அத்தை அவரை இழுத்துக்கொண்டு போனாள். சூடம் ஏற்றினாள். ஒரு கையைத் தன் வயிற்றில் வைக்கச் சொல்லி, மறு கையால் சூடத்தை அடித்து அணைக்கச் சொன்னாள். "இனிமே மோட்டார் தொடமாட்டேன், இந்தப் புள்ள மேல சத்தியம்." நானும் அங்கே நின்றேன். மாமாவின் உள்ளங்கையில் கரி ஒட்டியிருந்ததைப் பார்த்தேன்.

அந்தக் கைதான் இப்போது என் வண்டியை முறுக்கிக்கொண்டிருந்தது. அவர் ஒருமுறை ஏறினால் போதும், அத்தை வயிற்றுப் பிள்ளை செத்துவிடும். இதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. முனியாண்டி என்ன சும்மாவா, கையில் வாளோடு நிற்கிறார்.

எத்தனை நாள் அதைப் பொத்தி வைப்பது? ஒரு சாயங்காலம் அத்தை வீட்டுக்குப் போனேன். அவள் காலை நீட்டி உட்கார்ந்து நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அத்தை கத்துவாள், நேரே போய் அந்த வண்டியைத் தூக்கிச் சாக்கடையில் போடுவாள் என்று காத்திருந்தேன்.

"மாமாவுக்குக் கால் தரையில எட்டுதா?" என்று கேட்டாள்.

"ரெண்டு காலும் எட்டுது."

"எப்ப ஓட்டப் போறாராம்?"

"ஞாயித்துக்கெழம காலையில. தோட்டத்துல. கூட்டாளிங்களும் வாராங்க."

அவ்வளவுதான். மறுபடி நெத்திலியை எடுத்துக்கொண்டாள். எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. பிள்ளை சாகப்போகிறது என்கிறேன், இவள் கால் எட்டுகிறதா என்கிறாள்!

ஞாயிற்றுக்கிழமை, "என் வண்டி, நானும் வருவேன்" என்று தரையில் புரண்டு அழுது, மாமாவின் கூட்டாளியுடைய பிக்கப்பில் ஏறிக்கொண்டேன். தோட்டம் என்று பேர்தான். ரப்பர் பால் மரங்களை வெட்டிவிட்டு எண்ணெய் எடுக்கும் செம்பனை நட்டிருந்தார்கள். தோட்டத்து ஆட்கள் குடியிருந்த லயங்களை இடித்து நிரவிவிட்டார்கள். மிச்சமிருந்தது முனியாண்டி கோயிலும் அதற்குப் பின்னால் ஏறுகிற செம்மண் மேடும்தான். முதல் நாள் பெய்த மழையில் மண் வழவழவென்று கிடந்தது. கோயில் வளைவுக்கு இந்தப் பக்கமே வண்டிகளை இறக்கினார்கள். கூட்டாளிகளின் மோட்டார்கள் என் தலை உயரம். நடுவில் என் சிவப்பு வண்டி.

"மச்சான், சர்க்கஸ்ல சேந்துட்டியா?" என்றார் ஒருவர். எல்லாரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார்.

நான் இருக்கையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டேன். "ஏறாதீங்க மாமா. புள்ளைக்கு ஏதாச்சும் ஆயிரும்."

அவர் முகத்தில் சிரிப்பு நின்றுபோனது. "இது மோட்டார் இல்ல குட்டி. சின்னப் புள்ளைங்க வெளையாட்டுச் சாமான்."

"அப்ப ஏன் கோயில் பக்கம் திரும்பவே மாட்டேங்கிறீங்க?"

என் விரல்களை மெதுவாகப் பிரித்து எடுத்துவிட்டு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார். மற்றவர்கள் உறுமிக்கொண்டு முன்னே போக, மாமா கடைசியாகக் கிளம்பினார். வளைவில் மறைந்தார். வண்டிச் சத்தம் கோயில் பக்கம் போனது. போன வேகத்தில் சட்டென்று நின்றது.

விழுந்துவிட்டார் என்று நினைத்து ஓடினேன். ஒரு சிலிப்பர் சேற்றில் மாட்டிக்கொண்டது, விட்டுவிட்டு ஓடினேன். "முனியாண்டி, வேணாம், முனியாண்டி, வேணாம்" என்று வாய் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது.

மாமா விழவில்லை. இரண்டு கால்களையும் ஊன்றியபடி வண்டிமேல் அசையாமல் உட்கார்ந்திருந்தார். எதிரே, கோயில் வாசலில், இடுப்பில் கையை முட்டுக்கொடுத்து அத்தை நின்றாள். நெற்றி நிறையத் திருநீறு. பக்கத்தில் பூசாரி. அவருடைய பழைய காரில்தான் அந்தப் பக்கத்துப் பாதையாக வந்திருக்கிறாள். சாமிக்கு முன்னால் சுருட்டு புகைந்துகொண்டிருந்தது. அறுத்த எலுமிச்சம்பழம் கிடந்தது. சூடம் எரிந்துகொண்டிருந்தது.

"எறங்கி வாங்க" என்றாள்.

மாமா நொண்டிக்கொண்டே போனார். அத்தை அவர் கையைப் பிடித்து, அன்றைக்கு மாதிரியே தன் வயிற்றில் வைத்தாள். "சத்தியம் வாங்குனது நானு. நானே வந்து விட்டுட்டேன். சாமிக்கிட்டச் சொல்லியாச்சு. உச்சிக்கெல்லாம் வேணாம். பழைய லயம் இருந்த எடம் வரைக்கும் போய்ட்டு வாங்க."

மாமா அழுதார். பெரிய ஆம்பிளை, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் தேம்பித் தேம்பி அழுதார்.

சத்தியம் வாங்கியவரே அதே சாமி முன்னால் வந்து விட்டுக்கொடுத்தால் அது விலகும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதை அப்போது எனக்கு யார் சொன்னார்கள்? எனக்குத் தெரிந்ததெல்லாம் அத்தையே அவரை வண்டியில் ஏற்றி அனுப்புகிறாள் என்பதுதான். "அத்தே, ஒங்களுக்குப் புள்ள வேணாமா?" என்று அலறினேன். பூசாரி என்னை அதட்டினார். அத்தை பக்கத்தில் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மாமா மேட்டில் ஏறினார். பாதியில் பின்சக்கரம் வழுக்கி, இஞ்சின் ஓலமிட்டது. அவருடைய இரண்டு கால்களும் தரையை உந்தித் தள்ளியதைப் பார்த்தேன். வண்டி நிமிர்ந்தது, ஏறியது, செம்பனைக்குள் புகுந்தது. சத்தம் தேய்ந்துகொண்டே போய், பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. அத்தையின் பிடி இறுகி, அவள் வளையல் என் மணிக்கட்டில் அழுந்தியது.

"பயப்படாத" என்றாள்.

பிள்ளை நல்லபடியாகத்தான் பிறந்தான். இப்போது காம்பாரில் படிக்கிறான், சிவப்பு வண்டி அவனிடம்தான் இருக்கிறது. எனக்குக் கல்யாணமான பிறகு ஒருநாள், பேச்சுவாக்கில் அத்தை சொன்னாள். விழுந்து எழுந்து வந்த மாமா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தவர் உட்கார்ந்தபடியே இருப்பாராம். வைத்த சோறு காய்ந்து கிடக்குமாம். ஒருநாள், "நான் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன" என்றாராம். அந்தப் பேச்சைக் கேட்ட பயத்துக்கு முன்னால் மோட்டார்ப் பயமாவது மண்ணாவது என்றாள். எங்கள் கொட்டகையில் வெல்டிங் பொறி பறக்கத் தொடங்கிய பிறகுதான் அவர் வீட்டில் இரண்டாம் முறை சோறு கேட்டாராம். என்ன செய்கிறார் என்று நான் போய்ச் சொன்னபோதுதான் அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

அன்று வண்டிச் சத்தம் திரும்பிக் கேட்கிறவரை அத்தை என் கையை விடவேயில்லை. நான் பயந்திருக்கிறேன் என்றுதான் பிடித்துக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு நின்றேன்.