வாழ்த்துரை முடிவதற்குள் உருகிய வடதுருவம்

1997 மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாகர்கோவிலிலிருந்து பாறசாலைக்கு அருகே ஒரு கிராமத்து வாசகசாலைக்குப் போனேன். துருவக் கடல்பனி பற்றிப் பேச அழைத்திருந்தார்கள். நான் ஓய்வுபெற்ற பூகோள ஆசிரியன். வகுப்பறை பழக்கம், மேடை பழக்கமில்லை. பெரியவர்கள் சேர்ந்து பார்த்தால் முதல் வாக்கியம் தொண்டையிலேயே நின்றுவிடும். ஆகவே அந்த முதல் வாக்கியத்தை ஐஸிடம் விட்டுவிடத் தீர்மானித்தேன். கண்ணாடி ஜாடியில் தண்ணீர், அதில் மிதக்கும் ஐஸ், நீர்மட்டத்தில் ஒரு சிவப்பு நூல். ஐஸ் உருகியபின் மட்டம் ஏறியதா என்று கேட்டால் போதும், பேச்சு தானே நடக்கும்.

மதியம் ஒன்றரை மணிப் பேருந்து. களியக்காவிளை வரை முப்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். அங்கே மீன்சந்தையில் ஐஸ் துண்டு வாங்கி, உமி போட்டுச் சாக்கில் கட்டிக்கொண்டேன். கேரள எல்லைக்கு அப்பால் ஆட்டோ, பன்னிரண்டு ரூபாய்.

"என்ன மீனு சாறே?" என்றார் ஓட்டுநர்.

"மீனில்ல, ஐஸ் மட்டுந்தான்."

"மீனில்லாத்த ஐஸா? சந்தையில நல்லா ஏமாத்திப்போட்டாவளே உங்கள!"

நான்கு மணிக்குக் கூட்டம். ஐஸ் சாக்கிலேயே வீணாகிறதே என்று பதறி, அதைக் கழுவி ஜாடியில் போட்டு, நூலையும் கட்டினேன். அவசரப்பட்டுவிட்டேன். அந்த ஊரில் எல்லோருக்கும் இரு மொழியும் தெரியும். ஆனாலும் யார் மனமும் நோகக்கூடாதென்று வரவேற்புரை மலையாளத்தில் ஒருமுறை, தமிழில் ஒருமுறை. தலைமையுரையும் அப்படியே. பிறகு மூன்று வாழ்த்துரைகள். என்னை முதலில் பேச விடுங்கள் என்று செயலாளர் மணியனிடம் சொல்ல இருமுறை வாயெடுத்தேன். இருமுறையும் கைதட்டலில் அடங்கிவிட்டேன்.

நான் எழுந்தபோது ஜாடியில் வெறும் தண்ணீரும் இரண்டு உமியும். ஐஸ் உருகுமுன்பே நூலைக் கட்டினேன் என்றால் இனி யார் நம்புவார்கள்? ஜாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி வைத்தேன்.

முன்வரிசையில் இருந்த தையற்காரி தங்கம்மை குரல் கொடுத்தார்: "சாறே, வாழ்த்திப் பேசித் தீருமுன்ன வடதுருவம் தீந்துபோச்சே!"

சபை சிரித்தது. எனக்கும் குரல் வந்தது. "ஐஸ் போட்டபோது தண்ணீர் எங்கே நின்றது?"

"நூலு கெட்டின இடத்திலதான். அவ்வளவு நேரமும் நான் அதையாக்கும் பாத்திட்டிருந்தேன். வேற பாக்க என்ன உண்டு? ஒரு பொட்டும் ஏறல்ல."

"அப்போ உருகினா நமக்கென்ன சேதம்?" என்றார் பக்கத்தில் குடையோடு இருந்தவர்.

"உங்கள் கறுப்புக் குடையை வெயிலில் வைத்துத் தொட்டுப் பாருங்கள், பிறகு இந்த வெள்ளை வேட்டியை. கடல்பனி வெயிலைத் திருப்பி அனுப்பும் வேட்டி. அது போனால் கறுத்த கடல் வெயிலைக் குடித்துச் சூடேறும். மிச்சப் பனியும் போகும். நிலத்தின் மேல் கிடக்கும் பனி வேறு. அது உருகிக் கடலுக்கு வந்தால் மட்டம் நூலைத் தாண்டும்."

"எப்பம் போவும்?" என்றார் தங்கம்மை.

"இங்குள்ள பிள்ளைகள் காலத்திலேயே வடக்கே ஒரு கோடை பனியின்றிக் கழியலாம். உறுதியாகச் சொல்ல எனக்குத் தெரியாது."

"பின்ன நேரமில்லையே. எலே மணியா, இனி வரவேற்பு ஒருக்கப் போதும்!"

ஒரு மணி நேரம் பேசினேன். நானா பேசினேன் என்று இன்னும் சந்தேகம்தான். ஆனால் திரும்பும் பேருந்தில் ஜன்னலோரம் மகிழ்ச்சியாகவே இருந்தேன்.

இதுபோல் பேசப் போகிறவர்களுக்கு: களியக்காவிளையில் மதியத்துக்குப் பிறகும் ஐஸ் கிடைக்கும், உமி கேட்டு வாங்குங்கள், மீன்வாடை போகக் கழுவுங்கள். ஜாடியில் எப்போது போடுவது என்று கேட்டால், வரவேற்புரை தொடங்கும்போதே போட்டுவிடுங்கள். முன்வரிசையில் ஒருவராவது அதையே பார்த்துக்கொண்டிருப்பார்.