ஏர்கோன் அறையில் ஒரு திராட்சைக் கொடி

திராட்சைத் தோட்ட மேலாண்மையும் வைன் வணிகமும் ஹானர்ஸாகப் படிக்கிறவர்களுக்கு இரண்டு வியாதி உண்டு: எதைக் கொடுத்தாலும் முகர்ந்து பார்ப்பது, வாயில் வைத்ததைத் துப்புவது. நியூசிலாந்தில் படித்துக்கொண்டிருந்த நான், அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததும் சொந்த ஊரான காப்பாருக்குத் திரும்பிவிட்டேன். மிச்சப் பாடங்களைக் கம்ப்யூட்டரிலேயே முடித்தாயிற்று. பாக்கி இருப்பது ஓர் அறுவடைப் பயிற்சி மட்டும். அது இல்லாமல் பட்டம் இல்லை. கொடி இல்லாத ஊரில் கொடியைப் படித்துவிட்டுத் தவிக்கும் என் இனத்தவர்களே, உங்களுக்குத்தான் இது.

கறிவேப்பிலை டாக்டர்

கிள்ளானில் ஒரு கல்யாணம். பக்கத்து நாற்காலி ஆன்டி நான் என்ன படிக்கிறேன் என்று கேட்க, அம்மா முந்திக்கொண்டு "அக்ரிகல்ச்சர்" என்றார். வைன் என்ற சொல்லை அம்மா வாயால் சொல்லி நான் கேட்டதே இல்லை. ஆன்டிக்கு ஒரே சந்தோஷம்.

"நல்லதா போச்சு லா! எங்க வீட்டு கருவேப்பிலை வாடிக் கெடக்குது. சாப்பிட்டுட்டு வந்து பாரு மா."

ரசம்

பிரிக்ஃபீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடை. ரசத்தை டம்ளரில் கொடுத்தார்கள். கை தானாக டம்ளரைச் சுழற்றியது, மூக்கு உள்ளே போனது. ஒரு வாய் எடுத்து, காற்றை உறிஞ்சி, நாக்கில் உருட்டி, பக்கத்திலிருந்த காலிக் கிண்ணத்தில் துப்பிவிட்டேன். கண்ணை மூடியிருந்த அந்த நொடியில் நான் வைன் ருசி பார்க்கும் வகுப்பில் இருந்தேன்: நீள மேசை, சன்னலுக்கு வெளியே வரிசை வரிசையாகக் கொடிகள், எல்லாரும் சேர்ந்து துப்பும் சத்தம். அந்தச் சத்தத்துக்குப் போய் ஒருத்தி ஏங்குவாளா? ஏங்கினேன். தஞ்சாவூரிலிருந்து வேலைக்கு வந்திருக்கும் பரிமாறுகிறவர் பதறி ஓடிவந்தார்.

"அக்கா, புளி தூக்கலா இருக்கா? மாஸ்டர்ட்ட சொல்லி வேற கொண்டாரவா?"

செயற்கைக் குளிர்காலம்

வாசலில் ஒரு தொட்டியில் திராட்சைக் கொடி வைத்திருக்கிறேன். குளிர்காலத்தில் இலை உதிர்ந்து கொடி தூங்க வேண்டும். தூங்குகிற கொடியைக் கவாத்து செய்துதான் எனக்குப் பழக்கம். குளிர்காலமே இல்லாத காப்பாரில் அது தூங்குவதாக இல்லை. எனக்கோ கத்தரி பிடிக்கக் கை துடித்தது. வீட்டில் ஏர்கோன் இருப்பது அப்பா அறையில் மட்டும். தொட்டியைத் தூக்கிப்போய் அவர் கட்டில் பக்கத்தில் வைத்து, ஏர்கோனைப் பதினாறில் ஓடவிட்டேன். காலையில் கொடி பச்சைப் பசேலென்று நின்றது. அப்பாதான் இரண்டு போர்வைக்குள் இருந்தார்.

"தூங்க வைக்கப் போறது செடியையா மா, என்னையா?"

வலை

நியூசிலாந்தில் நான் அறுவடைப் பயிற்சி எடுக்க வேண்டிய தோட்டத்து மேற்பார்வையாளர் போட்டோ அனுப்பியிருந்தார். பழம் கறுக்கத் தொடங்கிவிட்டது, பறவைகளுக்காக வலை போட்டாயிற்று, உனக்கு இடம் வைத்திருக்கிறேன், வருகிறாயா? அந்த வலையை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். 'இந்த வருஷம் முடியாது' என்று தட்டிக்கொண்டிருந்தபோது அப்பா இடது கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டார். லோரி ஓட்டியே பாதி வாழ்நாளை வெளியூர்களில் கழித்தவர். படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு, நான் தட்டியதை ஒவ்வோர் எழுத்தாக அழித்தார்.

"போயிட்டு வா லா. அம்மா இருக்கா. நான் என்ன, லோரிய எடுத்துக்கிட்டு ஓடவா போறேன்? அந்தச் செடிய மட்டும் வெளிய வச்சிட்டுப் போ."

ஆக நண்பர்களே, டிக்கெட் போட்டாயிற்று. கொடிகளுக்கு நடுவே நின்றுகொண்டு அந்தப் பதினாறு டிகிரி அறைக்கு ஏங்குவதுதான் இனி என் கடைசிப் பாடம்.