வாஷிங் மெஷினுக்குப் பின்னால்

போன வாரம் இதே இடத்தில் ஒரு பெருமை அடித்துக்கொண்டேன், ஞாபகம் இருக்கிறதா? என் மகள் யாழி தானே சாப்பிடப் பழகிவிட்டாள், தட்டைத் தூக்கிக்கொண்டு போனால் கொஞ்ச நேரத்தில் காலித் தட்டோடு திரும்பி வருகிறாள் என்று. நிறையப் பேர் பாராட்டி எழுதியிருந்தீர்கள். 'எப்படிப் பழக்கினீர்கள்?' என்று ஒரு வாசகி டிப்ஸ்கூடக் கேட்டிருந்தார்.

டிப்ஸ் எதுவும் இல்லை. பாராட்டையும் தயவுசெய்து திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பத்தியை எழுதி அனுப்பிய மறுநாள்தான் விஷயமே தெரிந்தது. அதற்குள் அது அச்சுக்குப் போய்விட்டது.

யாழிக்கு இரண்டு வயது முடிந்து சில மாதங்கள் ஆகின்றன. இந்த வயதுக்கு ஒரே வார்த்தைதான்... 'நானே!' செருப்பு போடுவது நானே. குடத்தில் இருந்து தண்ணீர் மொள்வது நானே. கதவைச் சாத்துவதும் நானே — நாம் வெளியே நிற்கிறோமா என்றெல்லாம் கவலையில்லை.

வீட்டில் நாங்கள் மூன்று பேர். நான், யாழி, என் மாமியார். கணவர் கோயம்புத்தூரில் ஒரு மோட்டார் பம்ப் கம்பெனியில் வேலை பார்க்கிறார். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் வருவார்.

கம்பத்தில் எங்கள் தெருவில் வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். ஒரே சுவர்தான் இரண்டு வீட்டுக்கும். எங்கள் பின்பக்கம் துவைக்கிற இடம். அங்கேதான் வாஷிங் மெஷின். அதற்கும் சுவருக்கும் நடுவில் ஒரு சந்து. பெரியவர்கள் கையை மட்டும்தான் விடலாம். யாழி முழுசாக நுழைந்துவிடுவாள். அதுதான் அவளுடைய ராஜ்யம்.

சுவருக்கு அந்தப் பக்கத்து வீட்டில் ஆள் இல்லை. குடியிருந்தவர்கள் காலி செய்துவிட்டுப் போய் மாதங்கள் ஆகின்றன. வாசலில் பெரிய பூட்டு. வீட்டுக்காரம்மா மலைக்கு மேலே, கேரளாவில் இருக்கிறார். நான் இரண்டொரு தடவை பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான்.

அது ஆடிக் காற்று நேரம். எங்கள் பக்கத்துக் காற்று உங்களுக்குத் தெரியுமோ என்னவோ... ஜன்னலைத் திறந்தால் காலண்டர் பறக்கும். மூடினால் கதவிடுக்கில் நின்று ஊளையிடும். நாள் முழுக்க ஒரு ஆள் வீட்டைச் சுற்றி வந்து முனகிக்கொண்டே இருப்பது போல இருக்கும். பழகிவிட்டால் காதில் விழாது. அதுதான் பிரச்சினை — காற்றோடு சேர்ந்து மற்றதும் காதில் விழாது.

முதலில் பொருட்கள் காணாமல் போயின. யாழியின் நீல சிப்பர். அப்புறம் ஒரு சில்வர் டம்ளர். ஒரு பாக்கெட் ரஸ்க். 'பிள்ளை எங்கேயாவது போட்டிருக்கும்' என்று விட்டுவிட்டோம்.

போன வாரப் பத்தியை எழுதி அனுப்பிய அன்று மத்தியானம் பூட்டிய வீட்டுக்குள் ஒரு போன் அடித்தது.

நானும் மாமியாரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தோம். நீண்ட நேரம் அடித்தது. நின்றது. மறுபடியும் அடித்தது.

"ரோட்டுல போறவுக போனா இருக்கும்த்தா" என்றார் மாமியார். ரோட்டில் போகிறவர் அவ்வளவு நேரம் ஒரே இடத்திலா நிற்பார்? சாயங்காலத்துக்குப் பிறகு அது அடிக்கவில்லை.

அன்றைக்குத்தான் யாழி சந்திலிருந்து வெளியே வந்து, என் முகத்தை நிமிர்ந்து பார்த்து, "வெள்ளம்" என்றாள்.

"என்னடா தங்கம்?"

"வெள்ளம்... வெள்ளம்."

அவள் குரலில் இல்லை அது. கரகரவென்று, இழுத்து, யாரோ பெரிய மனுஷி சொல்வது போலச் சொன்னாள்.

என் மாமியாருக்குப் பிறந்த ஊர் கடமலைக்குண்டு. சின்ன வயதில் ஆற்றில் வெள்ளம் வந்து மாடுகள் மிதந்து போனதைக் கண்ணால் பார்த்தவர். கையில் இருந்த அகப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

"ஏத்தா, மேக்க மழை கொட்டுதுன்னு இப்பத்தான் டிவில சொன்னாக. பிள்ளை இந்த வார்த்தைய எங்கன கேட்டுச்சு?"

"அதே டிவியிலதான் கேட்டிருக்கும் அத்தை."

"டிவில கேட்டா இப்படியா சொல்லும்? குரலைப் பாரு."

திருநீறு பூசினார். யாழி பூசவிட்டு, அதையும் தானே பூச வேண்டும் என்று அழித்துவிட்டுப் பூசிக்கொண்டாள்.

இன்னொரு வார்த்தையும் சொன்னாள். என் சேலையைப் பிடித்து இழுத்து, "அம்ம... விளி" என்றாள். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? உடல் உறுப்புகள் படித்துக்கொண்டிருந்த வாரம் அது. விழி என்கிறாள் என்று பூரித்துப்போய், "இதோ அம்மா கண்ணு!" என்று தொட்டுக் காட்டினேன். அவள் காலை உதைத்து அழுதாள். தூக்கம் வந்துவிட்டது என்று தோளில் போட்டுத் தட்டினேன். புத்திசாலி அம்மா!

மறுநாள் மத்தியானம் கரண்ட் போனது.

மெஷின் நின்றது. டிவி நின்றது. பேன் நின்றது. என்ன காரணமோ, காற்றும் ஒரு நிமிடம் ஓய்ந்தது. வீட்டில் அப்படி ஓர் அமைதியை நான் கேட்டதே இல்லை. பிள்ளை இருக்கிற வீட்டில் அமைதி என்றால் அம்மாக்களால் உட்கார்ந்திருக்க முடியாது, இல்லையா? எழுந்து பின்பக்கம் போனேன்.

சந்துக்குள் பேச்சுச் சத்தம். இரண்டு குரல்.

"குடி. தானே குடி." இது யாழி. நான் அவளை மிரட்டுவது போலவே சொன்னாள்.

"வெள்ளம் தா... மோளே." இது அந்தக் கரகரத்த குரல்.

இரண்டு குரலிலும் அவளே பேசுகிறாள் என்றுதான் எட்டிப் பார்த்தேன். யாழி சுவரோரம் குந்தியிருந்தாள். வாய் நிறைய வாழைப்பழம். கன்னம் உப்பி, உதடு மூடியிருந்தது.

குரல் மறுபடியும் வந்தது. "மோளே..."

கத்தினேனா என்றுகூடத் தெரியவில்லை. மெஷினைப் பிடித்து இழுத்தேன். தரையோடு ஒட்டி, சுவரில் ஒரு செங்கல் அளவுக்கு ஓட்டை. எப்போதோ பைப் மாற்றியவர்கள் பூசாமல் விட்டது. அதன் வழியாக நான்கு விரல்கள் இந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தன. நகமெல்லாம் அழுக்கு. அந்த விரல்களை யாழி இறுக்கிப் பிடித்திருந்தாள்.

மோளே... எங்கள் வீட்டில் யாரும் அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை. அப்போதுதான் உறைத்தது. கம்பத்தில் வாழ்க்கைப்பட்டு இத்தனை வருடம் ஆகிறது. மலையாளத்தில் மோளே என்றால் மகளே, வெள்ளம் என்றால் தண்ணீர் என்று எனக்குத் தெரியாதா? விளி என்றால் கூப்பிடு. அம்மாவைக் கூப்பிடு. அந்தப் பிள்ளை தகவலை ஒழுங்காகத்தான் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது!

மாமியார் ஓடி வந்தார். "யாரு? யாரு அங்கன?"

"ஏலியாம்மா... வீட்டுக்காரி... காலு போச்சு."

எதிர்வீட்டு டெய்லர் பாண்டியண்ணன் கடப்பாரையோடு பின்சந்துக்கு ஓடினார். பின்கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. நெம்பித் திறந்தார்கள். ஏலியாம்மா பாத்ரூம் தரையில் கிடந்தார். வீட்டைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று மூன்று நாளைக்கு முன்னால் மலையிலிருந்து பஸ்ஸில் வந்தவர், பின்வழியாகவே உள்ளே வந்திருக்கிறார். பாசியில் வழுக்கித் தொடை எலும்பு முறிந்துவிட்டது. டேங்க் காலி, குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. போன் முன்னறையில் பைக்குள். கத்திக் கத்தித் தொண்டை போய்விட்டது. காற்றும் எங்கள் மெஷினும் எதையும் கேட்கவிடவில்லை.

அவர் பக்கத்தில் எங்கள் நீல சிப்பர் கிடந்தது. டம்ளர் கிடந்தது. கொஞ்சம் தள்ளி... பருப்பும் நெய்யும் பிசைந்த சோறு, சின்னச் சின்ன உருண்டையாக.

காலித் தட்டின் ரகசியம் புரிந்ததா?

ஆம்புலன்ஸ் வந்து தேனிக்குக் கொண்டுபோனார்கள். ஆபரேஷன் முடிந்தது. "தண்ணி இறங்கியிருந்ததால பொழச்சாக" என்று பாண்டியண்ணன் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். அன்று ராத்திரி மாமியார் யாழியை மடியைவிட்டு இறக்கவே இல்லை.

நேற்று ஆஸ்பத்திரிக்குப் போனோம். யாழிக்கு ஏலியாம்மாவை அடையாளம் தெரியவில்லை. எப்படித் தெரியும்? முகத்தைப் பார்த்தவளா? என் பின்னால் ஒளிந்துகொண்டாள். "மோளே" என்று அவர் கூப்பிட்டதும் திரும்பி, குனிந்து, கட்டிலுக்கு அடியில் தேடினாள். வார்டே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மாமியார் அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே போனதும் ஏலியாம்மா என் கையைப் பிடித்தார்.

"மோளு நல்லா பேசும் கேட்டோ. எல்லாம் சொல்லிச்சு."

"என்னம்மா சொன்னா?"

கொஞ்சம் தயங்கினார். "பாட்டி மாத்திரை துப்பும். அப்பா போன்ல இருக்கு..." குரலைத் தணித்தார். "அம்மா அடுப்படியில கதவச் சாத்தி அழும். குக்கர் சத்தம் போடும்போ. அப்படிச் சொல்லிச்சு. இப்போ... குழப்பம் ஒண்ணும் இல்லல்லோ?" பிரச்சினை எதுவும் இல்லையே என்று கேட்கிறார்.

முதுகில் யாரோ பச்சைத் தண்ணீரை ஊற்றியது போலிருந்தது. சுவரிலிருந்து விரல்கள் நீண்டபோதுகூட அப்படி இல்லை.

உண்மைதான். அழுவேன். பெரிய காரணமெல்லாம் கிடையாது, ஆனால் அழுவேன். குக்கர் விசில் அடிக்கிற நேரமாகப் பார்த்து. மாமியாருக்குத் தெரியாது. கதவு சாத்தித்தான் இருக்கும். இடுக்கில், தரையிலிருந்து முக்கால் கெஜ உயரத்தில் இரண்டு கண்கள் இருந்தன என்று நான் எங்கே கண்டேன்?

அவள் பேசக் கற்றுக்கொள்வதை, நடக்கக் கற்றுக்கொள்வதை எல்லாம் வாராவாரம் உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். கவனிக்கிறவள் நான் என்ற நினைப்பில்! அவளும் என்னை வைத்து ஒரு பத்தி நடத்திக்கொண்டிருந்திருக்கிறாள். சுவருக்கு அந்தப் பக்கம், ஒரே ஒரு வாசகியோடு.

"குழப்பம் ஒண்ணும் இல்லம்மா" என்று ஏலியாம்மாவிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை. ஆனாலும் கையை விடவில்லை.

நான் அழுவது என் கணவருக்கும் இதுவரை தெரியாது. ஞாயிற்றுக்கிழமை டீ குடித்துக்கொண்டே இதைப் படிப்பார்.