ஏழாம் நம்பர் தலையாட்டல்

எதிர் நாற்காலி காலி. அதில் உட்கார்ந்திருந்த நட்சத்திரம் காரேறிப் பத்து நிமிடம் ஆகிவிட்டது. குடித்து மீந்த தண்ணீர் பாட்டில் மட்டும் நாற்காலியின் கைப்பிடியில் நிற்கிறது. அந்தப் பாட்டிலைப் பார்த்துத்தான் பேட்டி எடுத்தவர் இப்போது உருகிக்கொண்டிருக்கிறார். புருவம் தூக்குகிறார், வியக்கிறார், பல் தெரியச் சிரிக்கிறார், மெல்லத் தலையாட்டுகிறார். பிறகு கேமராக்காரரைத் திரும்பிப் பார்த்து, "அஞ்சு ஓகேவா, இன்னொன்னு போகலாமா?" என்கிறார்.

"ஓகேண்ணே. ஆறுக்குப் போயிடலாம்."

அந்தத் தொலைக்காட்சி நிலையத்தில் அவருக்கு 'அப்படியா' என்று பெயர். பெற்றோர் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் பத்திரமாக இருக்கிறது. பத்தொன்பது ஆண்டுகளாக ஞாயிறுதோறும் சினிமாக்காரர்களை உட்கார வைத்துப் பேட்டி எடுக்கிறார். அவர்கள் எதைச் சொன்னாலும், புதுப்படக் கதை சொன்னாலும், விவாகரத்தைச் சொன்னாலும், அவர் வாயிலிருந்து வருவது "அப்படியா சார்?" பெண்களாக இருந்தால் "அப்படியா மேடம்?" இந்த வேறுபாட்டை அவர் ஒருநாளும் தவறவிட்டதில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும்.

காலி நாற்காலிக்குத் தலையாட்டும் இந்தக் கலைக்குக் காரணம் செய்திப் பிரிவு. பேட்டிக்கு இரண்டு கேமரா வேண்டும், ஒன்று விருந்தினருக்கு, ஒன்று இவருக்கு. இரண்டு வருடத்துக்கு முன் அதில் ஒன்றைச் செய்திப் பிரிவு, "ரெண்டே நாள்ல தந்துடுறோம்ணே" என்று வாங்கிக்கொண்டு போனது. அந்த இரண்டு நாள் இன்னும் முடியவில்லை. ஆகவே பேட்டி முழுக்க ஒற்றைக் கேமரா விருந்தினரைப் பார்க்கும். அவர் போன பிறகு அதையே திருப்பி வைத்து, இவர் கேட்டதையும் கேட்டுக்கொண்டிருந்ததையும் தனியாக எடுத்து, எடிட்டிங்கில் இடையிடையே செருகுவார்கள். பார்க்கிறவர்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. வித்தியாசம் வந்தது அவருக்குத்தான். கேட்பதைத்தான் அப்புறம் தனியாக எடுக்கிறோமே என்று, பேட்டி நடக்கும்போது கேட்பதை விட்டுவிட்டார்.

தலையாட்டல்கள் மொத்தம் ஏழு. ஒன்று சாதாரண ஆமோதிப்பு. இரண்டு வியப்பு. மூன்று பல் தெரியும் சிரிப்பு. நான்கு பல் தெரியாத சிரிப்பு, தயாரிப்பாளரின் மகன் நகைச்சுவை சொல்லும்போது பயன்படுவது. ஐந்து பக்தி. ஆறு அரசியல்: தலை ஆடியது மேலும் கீழுமா பக்கவாட்டிலா என்று எந்த நீதிமன்றத்திலும் நிரூபிக்க முடியாது. ஏழு துக்கம். இமை தாழும், உதடு மடியும், தலை மெதுவாக இரண்டே முறை இறங்கி ஏறும். ஒவ்வொரு பேட்டிக்குப் பிறகும் ஏழையும் எடுத்து வைத்துவிடுவார்கள். விருந்தினர் துக்கமாக எதுவும் சொன்னாரா என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. எதற்கும் இருக்கட்டுமே.

இடுப்புக்கு மேலே அவர் ஒரு மனிதர், கீழே வேறொருவர். மேலே மயில்கழுத்து நிறத்தில் கோட்டு, சட்டைப் பையில் மடித்த கைக்குட்டை. கீழே சாயம் போன கால்சட்டையும் ரப்பர் செருப்பும். கேமரா பெல்ட்டுக்குக் கீழே இறங்காது என்பதில் அவருக்குள்ள நம்பிக்கை, சிலருக்குக் கடவுளிடம்கூட இருக்காது.

தொழில் மொழியிலும் அவர் கெட்டி. "வித்தியாசமான முயற்சி" என்றால் படம் தேறாது. "குடும்பத்தோட போய்ப் பார்க்கலாம்" என்றால் குடும்பத்தோடு தூங்கலாம். "ஒளிப்பதிவு பேசப்படும்" என்றால் மற்ற எதையும் பேசாமல் இருப்பது நல்லது. திரையில் தெரிகிற எல்லாரும் அவருக்கு "ரொம்ப க்ளோஸ்". கைப்பேசியில் இருப்பதென்னவோ அவர்களுடைய மேனேஜர்களின் எண்கள்.

எப்போதும் இப்படி இருந்தவர் என்றும் சொல்ல முடியாது. வீட்டில் முதல் பட்டதாரி, அதுவும் எம்.ஏ. பத்திரிகையில் சினிமாப் பக்கம் எழுதிக்கொண்டிருந்த காலத்தில், ஒரு கதாநாயகனிடம் எல்லார் முன்னாலும், "வரிசையா மூணு படம் ஓடலையே சார், எங்க தப்புன்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டார். தப்பு எங்கே என்று மறுநாளே தெரிந்தது. ஆறு மாதம் எந்தப் படக் கம்பெனியும் அவரை வாசலுக்குள் விடவில்லை. எம்.ஏ.வுக்குப் பிறகு அவர் படித்த மேற்படிப்பு அந்த ஆறு மாதம்தான். அதிலிருந்து கேள்விகளை நட்சத்திரங்களின் மேனேஜர்களே எழுதித் தருகிறார்கள். இவர் அவற்றைச் சின்ன அட்டைகளில் அழகான கையெழுத்தில் படியெடுத்துக்கொள்கிறார். படிப்பு வீண்போகவில்லை.

வீட்டிலும் அட்டை இல்லையே தவிர மற்றதெல்லாம் அப்படியேதான். குளியலறைக் கண்ணாடி முன்னால் அவர் பயிற்சி எடுத்ததில் மனைவிக்கும் ஏழு நம்பரும் மனப்பாடம்.

"ஏங்க, நான் என்ன சொன்னேன்?"

"கேட்டுக்கிட்டுத்தானே இருக்கேன்."

"கேட்டா எதுக்கு ரெண்டாம் நம்பர் போடுறீங்க? பாப்பா கணக்குல தோத்துட்டான்னு சொன்னேன். ஏழு போடுங்க."

உடனே ஏழு போட்டார். மகள் கைதட்டினாள்.

இப்படியே ஓய்வு பெற்றுவிடலாம் என்று இருந்தவருக்கு, போன மாதம் நிகழ்ச்சித் தலைவர் அழைத்து ஒரு நாற்காலியைக் காட்டினார். காட்டியது உட்காரத்தான் என்றாலும், பேச்சு நாற்காலியைப் பற்றியதாகவே இருந்தது. கைப்பேசியை நீட்டிப் பிடித்துக்கொண்டு நடிகர்களோடு ஓடிப்பிடித்து விளையாடும் ஒரு பெண் இருக்கிறாள், லட்சக்கணக்கில் பார்க்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமையை அவளுக்குக் கொடுத்துவிடலாம் என்று மேலே பேசிக்கொள்கிறார்கள்.

"நான் உங்களுக்காகப் பேசிட்டுத்தான் இருக்கேன்ணே. ஆனா ஒரு பெரிய பேட்டி கொண்டாங்க. இல்லேன்னா என் கையில ஒன்னும் இல்லை."

அவர் ஒன்று முதல் ஆறு வரை தலையாட்டிவிட்டு வெளியே வந்தார்.

பதினோரு வருடமாக எந்தத் தொலைக்காட்சிக்கும் முகம் காட்டாத ஒரு மூத்த நகைச்சுவை நடிகர் இருந்தார். அவருக்கு மேனேஜர் கிடையாது. வேறு வழியில்லாமல் இவரே நேரில் போய் வாசலில் நின்றார். மூன்றாம் நாள் கதவைத் திறந்த நடிகர், "வர்றேன் தம்பி. போடுறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு தடவை காட்டணும், அவ்வளவுதான்" என்றார். நிலையமே கொண்டாடியது. செய்திப் பிரிவு கேமராவைத் திருப்பித் தரலாமா என்று ஒரு மணி நேரம் யோசித்தது.

பேட்டியும் நன்றாகத்தான் போனது. மேனேஜர் இல்லாததால் அட்டைகளை இவரே எழுதியிருந்தார், மேனேஜர்கள் எழுதுவதைப் போலவே. மூன்றாவது அட்டை: உங்கள் முதல் ரசிகர் யார்?

நடிகர் சொன்னார்:

"என் வீட்டுக்காரிதான் தம்பி. எந்த ஜோக்கா இருந்தாலும் மொதல்ல அவகிட்டதான் சொல்லிப் பார்ப்பேன். அவ சிரிச்சாதான் படத்துக்குப் போகும். இப்ப ரெண்டு வருஷமா அவளுக்கு ஞாபகம் போயிடுச்சு. டெய்லி காலையில பழைய ஜோக் ஒன்னு எடுத்து விடுவேன். சிரிப்பா. சிரிச்சு முடிச்சிட்டு, 'நல்லாப் பேசுறீங்களே, நீங்க யாரு?'ம்பா. நாப்பத்தாறு வருஷம் கூட வாழ்ந்தவ. நானும் புதுசா வந்த ஆள் மாதிரி தினம் பேரைச் சொல்லிக்கிறேன்."

கேமராக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். விளக்குக்காரர் தரையைப் பார்த்தார். அப்படியா அப்போது மூன்றாவது அட்டையை அடியில் தள்ளி நான்காவதை மேலே கொண்டுவந்துகொண்டிருந்தார்.

"அப்படியா சார், சூப்பர். இப்ப நம்ம நேயர்கள் ஆவலா காத்துட்டு இருக்கிற பகுதி. உங்களுக்குப் பிடிச்ச கலர்?"

நடிகர் அட்டையைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார்.

"நீலம்," என்றார்.

நடிகர் போன பிறகு வழக்கம்போல ஏழு நம்பரும் எடுத்தார்கள். அன்றைக்கு விளக்குச் சூட்டில் கண் லேசாகக் கலங்கியிருந்ததால் ஏழு பிரமாதமாக வந்தது.

மறுநாள் எடிட்டிங் அறை. எடிட்டராக இருக்கும் பெண், நிலையத்தில் அவரிடம் பயமில்லாமல் பேசும் ஒரே ஆள். நடந்ததை நடந்தபடியே அவருக்குப் போட்டுக் காட்டினாள்.

"பார்த்தீங்களாண்ணே?"

"பார்த்தேன்மா. அந்தக் கலர் கேள்வி கொஞ்சம் ஸ்பீடாப் போயிடுச்சோ?"

அவள் படத்தைப் பின்னுக்கு ஓட்டினாள். "அந்த சூப்பரை நான் வெட்டிடுறேன். ஏழைப் போட்டு மூடிடலாம். இல்லேன்னா ஊரே நம்மளக் காறித் துப்பும்."

வெட்டினாள், ஏழைச் செருகினாள், அடியில் மெல்லிய வயலின் ஒன்றை ஓடவிட்டாள். அவர் நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு நான்கு முறை பார்த்தார். "கண்ணுல அந்த ஈரம் தெரியுது பாரு. இதெல்லாம் நடிச்சு வராதுமா." நான்கு முறையும் அவர் பார்த்தது அந்த நான்கு விநாடியைத்தான். அதற்கு முன்னால் ஓடியதெல்லாம், தன் முகம் வரும்வரை காத்திருந்த நேரம்.

சொன்னபடி நடிகருக்கு அதை அனுப்பினார்கள். விளம்பரத் துண்டு ஆறு மணிக்குப் போயாக வேண்டும். அதற்குள் அவர் சரி என்றால் ஞாயிறு இவருக்கு. ஐந்தே முக்காலுக்கு அழைப்பு வந்தது. எடிட்டருக்கும் கேட்கட்டும் என்று அப்படியா ஸ்பீக்கரில் போட்டார். திரையில் அந்த நான்கு விநாடி ஒலியில்லாமல் திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது.

"பார்த்தேன் தம்பி. ரொம்ப நல்லா இருந்துச்சு."

"அப்படியா சார்? சந்தோஷம் சார்."

"அந்தத் தலையாட்டல் நான் போனப்புறம் எடுத்ததுதானே?"

அப்படியா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சங்கடப்படாதீங்க. வெறும் செவுத்தைப் பார்த்து மாமியார்கிட்ட திட்டு வாங்குற மாதிரி எத்தனை படத்துல நான் நடிச்சிருக்கேன். தொழில்தானே."

"அப்ப போட்டுக்கலாமா சார்?"

"தாராளமா. ஒன்னே ஒன்னு. அந்த எடத்துல நான் என்ன சொன்னேன்னு நீங்க சொல்லிடுங்க. போட்டுக்கலாம்."

அவர் எடிட்டரைப் பார்த்தார். அவளுக்கு ஒவ்வொரு சொல்லும் தெரியும், மூச்சு விட்ட இடங்கள்கூடத் தெரியும். அவள் விசைப்பலகையைத் துடைக்க ஆரம்பித்தாள். திரையைப் பார்த்தார். அங்கே அவருடைய முகமே கண் கலங்கித் தலையாட்டிக்கொண்டிருந்தது. அதனிடம் கேட்டுப் பயனில்லை. ஏழாம் நம்பர் போட்டிருப்பதால் துக்க சமாச்சாரம் என்பது வரைக்கும் துப்புத் துலங்கியது.

"அது வந்து சார்... அம்மா தவறினதைப் பத்தி..."

"அம்மா ஊர்ல நல்லா இருக்காங்க தம்பி. தொண்ணூத்தி மூணு ஆகுது."

"அப்படியா சார்," என்றது அவர் வாய்.

எடிட்டர் துடைப்பதை நிறுத்தினாள். மறுமுனையில் யாரோ ஒரு பெண் சிரிப்பது தூரத்தில் கேட்டது. கேட்டு நின்றது.

அவர் ஸ்பீக்கரை அணைத்துக் கைப்பேசியைக் காதில் வைத்தார். குரல் தாழ்ந்திருந்தது. ஒலிவாங்கி முன்னால் ஒருநாளும் வராத குரல்.

"தெரியல சார். நான் கேக்கல. இன்னொரு தடவை சொல்றீங்களா?"

நடிகர் மற்றொரு டேக்குக்குப் போகிறவரைப் போலத் தொண்டையைச் செருமிக்கொண்டார். பிறகு சொல்ல ஆரம்பித்திருக்க வேண்டும். எடிட்டருக்கு ஒன்றும் கேட்கவில்லை. எந்த நம்பர் வரப்போகிறது என்று அவள் வழக்கம்போல அவர் கழுத்தைப் பார்த்தாள். எதுவும் வரவில்லை.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிகழ்ச்சித் தலைவர் வந்து நின்று, கைக்கடிகாரத்தை விரலால் தட்டிக் காட்டினார். மறுபடியும் தட்டினார். அப்படியா திரும்பவில்லை. ரப்பர் செருப்புக் காலால் நாற்காலியைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளி, கைப்பேசியைக் காதோடு அழுத்திக்கொண்டு, மற்ற கையை நீட்டித் தடவித் திரையின் பொத்தானைத் தேடி, உருகிக்கொண்டிருந்த தன் முகத்தை இருட்டாக்கினார்.