கஞ்சித் தூக்கில் வந்த புளி

ஆலங்காயம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஜவ்வாது மலையிலிருந்து பிழைக்க இறங்கியவர்களின் குடிசைகள் இருந்தன. பிள்ளை பெற்ற வீடுகளுக்கு எங்கள் மாதர் சங்கம் தூக்குப் பாத்திரத்தில் கஞ்சி கொடுக்கும். மறுநாள் அது திரும்பும்போது உள்ளே ஒரு பிடி சாமையோ கொஞ்சம் புளியோ இருக்கும். ஏழைகளிடம் எதுவும் வாங்கக்கூடாது என்று தலைவியம்மா தடை போட்டார். அதோடு கஞ்சி வாங்குவதையும் அவர்கள் நிறுத்திவிட்டார்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பச்சை உடம்புக்காரி ஒருத்தியிடம், "புள்ளைக்குப் பால் வேணாமா? ஏன் வாங்க மாட்டேங்கிற?" என்று கத்தினேன்.

"வெறும் ஏனத்த எப்படிங்க திருப்பித் தர்றது? நாங்க இன்னா பிச்சையா எடுக்கறோம்?"

தூக்கை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் புளியோடு வந்தது. அந்தப் புளியைக் கரைத்து நான் வைத்த ரசத்தைத் தலைவியம்மா இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிக் குடித்தார்.